அறுபத்தோராம் ஏடு

மடத்துக்குள் பெண்கள் வரக்கூடாது.
பெட்டைக்கோழிகூட வளர்ப்பதில்லை என்றான்
தானா ஏரியில் படகோட்டி வந்த டெஸ்ஃபமிக்கேல்.
பெருமையா கேலியா, தெரியவில்லை.
அதனால் புத்தகம் கீழே இறங்கி என்னிடம் வந்தது.

துறையை ஒட்டி வலை காயப்போடும் கொட்டகை.
சன்னலில் கம்பளியை ஆணியடித்து இருட்டாக்கினோம்.
வெளியே ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
டீக்கன் துணியை அவிழ்த்தான்.
ஆட்டுத்தோல் ஏடுகள், நூற்றைம்பது சங்கீதங்கள்,
மெழுகுச் சொட்டு, விரல்பட்டு எண்ணெய் ஏறிய மூலைகள்,
மீன்வாடையை மீறிக் கொஞ்சம் சாம்பிராணி.

இந்தப் பக்கத்து எழுத்தர்களின் வழக்கம் இது:
வாசகம் முழுக்கப் புகைக்கரி மசி.
தேவன் பெயர் வந்தால் நாணலை மாற்றுவார்கள்,
மரியாள் பெயர் வந்தாலும்.
பிறகு, காசு கொடுத்துப் புத்தகம் எழுதவைத்தவன் பெயர்.
மூன்றுக்கும் அதே சிவப்பு.

லென்ஸின் முன் கருங்கண்ணாடியைத் திருகினேன்.
இனி என் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
குவியத்தை ஒரு மயிரிழை தள்ளி வைக்கவேண்டும்,
எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியும்.

அகச்சிவப்பு என்கிறோம்.
திரையில் எழுந்த பக்கத்திலோ சிவப்பே இல்லை.
மரியாள் இருந்த இடத்தில் வெறும் தோல்.
தேவன் இருந்த இடத்திலும் வெறும் தோல்,
நடுவில் ஒரு மயிர்க்காலின் புள்ளி.
டீக்கன் சிலுவை போட்டுக்கொண்டான்.
"பயப்படாதே, புத்தகத்தில் இருக்கிறார்கள்" என்றேன்.
அவன் குனிந்து பார்த்து
இருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்டான்.

பத்துச் சங்கீதத்துக்கு ஒருமுறை வருகிறது வேண்டுதல்:
உம் அடியவன் அஸ்ராத்தை நினைத்தருளும்.
தடித்த சிவப்பில் அஸ்ராத்.
அவன் பேரப்பிள்ளைகள்தான் கோயிலுக்குத் தகரக்கூரை போட்டார்களாம்.
விளக்கைத் தாழ்த்தி மறுபடி எடுத்தேன்.
அஸ்ராத் போனான்.
கத்தியால் சுரண்டிய தழும்புக்குள்,
தோலின் துளைகளில் சிக்கிய கரித்துகளாக
வேறொரு பெயர், எழுத்து எழுத்தாக:
வெலெத்த ஹிருத்.

கறுப்பில் எழுதியிருக்கிறார்கள் அவளை.
சிவப்புக்குக் காசு போதவில்லையோ,
தேவன் நிறம் எனக்கெதற்கு என்றாளோ.
சிவப்பில் இருந்திருந்தால்
இன்று அவளும் வெறும் தோல்.

பதினான்கு இடத்திலும் சுரண்டியவன் கவனமானவன்.
அடியவள் என்பதை அடியவன் ஆக்கியிருந்தான்,
பதின்மூன்று இடத்தில்.
அறுபத்தோராம் ஏட்டில் மட்டும்
உம் அடியவள் அஸ்ராத்தை நினைத்தருளும்.
இதற்குக் கேமராவே வேண்டாம்,
மெழுகுவர்த்தி போதும்.

"அது எழுத்தர் பிழை" என்றான் டீக்கன்.
"படிக்கும்போது நாங்களே திருத்திக்கொள்வோம்.
எனக்குப் படிப்பித்தவரும் அப்படித்தான்,
அவருக்குப் படிப்பித்தவரும்."
சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தான்.
பிறகு என்னை.
பிறகு, எதற்கோ, தன் கையை.

"இன்றைக்கு ராத்திரி என் முறை" என்றான்.
"நான் படம் எடுப்பவள்" என்றேன்.
சொன்னதும் அது சரியான பதில் இல்லை என்று தோன்றியது.
வேறு பதிலும் என்னிடம் இல்லை.

துணியைச் சுற்றிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி
காப்பிச்செடிகளுக்கு நடுவே ஏறிப்போனான்.
வேலிவரை தெரிந்தான்.
அவளும் உள்ளே போய்விட்டாள்.

கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
எண்தான் கொடுப்பது வழக்கம்.
சிறிது நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

படகு கிளம்பும்போது மணி அடித்தார்கள்.
எண்ணெய்க் காசு எவ்வளவு என்று
டெஸ்ஃபமிக்கேல் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.
கரையில் யாரோ படிப்பது கேட்டது,
சொல் பிரியாத தூரம்.